டீ ஆறுவதற்குள் போட்ட கையெழுத்து

நம் தடய ஆய்வாளர்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் இந்தப் பக்கத்தை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்தி நான்கு. ஆனாலும் எழுதத் தகுதி உண்டு. மைக்ராஸ்கோப்பிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது ஆய்வகத்தின் பதிவறையில் உட்கார்ந்து பழைய கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"துப்பாக்கி, கருவித்தடம் ரெண்டு பிரிவுக்கும் இந்த வருஷம் புதுசா நிறையப் பேர் சேர்ந்திருக்காங்கப்பா. அவங்களுக்கு உற்சாகமா ஏதாவது எழுதிக் குடு" என்று செயலாளர் போனில் கேட்டார். உட்கார்ந்து பார்த்தேன். உற்சாகம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. அதில் பாதி என்மேலேயே வருகிறது. வந்ததை எழுதுகிறேன். வெட்டிச் சுருக்கிப் போடுவதானால் போடட்டும். வெட்டினால் வெட்டின இடம் தெரியும். அதைக் கண்டுபிடிக்கத்தானே நமக்கெல்லாம் சம்பளம்.

என் ஊர் காரிமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமம். அப்பா ஆடு வைத்திருக்கிறார், கூலிக்கும் போவார். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். வேலை கிடைத்தபோது, "எம் பையன் துப்பாக்கி ஆபீஸ்ல இருக்கான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர், கடலைக்காட்டில் பன்றி இறங்குகிறது, ஒரு லைசென்ஸ் வாங்கிக் கொடு தம்பி என்று வாசலில் வந்து நின்றார். நான் துப்பாக்கி கொடுக்கிறவன் இல்லை, துப்பாக்கி என்ன செய்தது என்று சொல்கிறவன் என்று அவருக்கு விளக்கினேன். "அதுக்கு எதுக்குப்பா ஆபீஸு? சுட்டா சத்தம் கேக்குமே!" என்றார்.

அந்தச் சிரிப்பும் பெருமையும் இன்னும் எனக்குள் இருக்கின்றன. இருப்பதால்தான் இவ்வளவு கோபம்.

எங்கள் பிரிவுத் தலைவியை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். பெயர் வேண்டாம். நான் சேர்ந்த இரண்டாம் மாதம் பென்னாகரம் காட்டோரத்திலிருந்து ஒரு நாட்டுத் துப்பாக்கி வழக்கு வந்தது. பிடிபட்ட துப்பாக்கி ஒன்று, காயத்திலிருந்து எடுத்த ஈயக் குண்டுகள் கொஞ்சம். கொண்டுவந்த எஸ்.ஐ., "இவன்தான் சார், நூத்துக்கு நூறு இவன்தான்" என்று என் மேஜையில் கை ஊன்றிச் சொன்னார். நானும் ஆர்வத்தில், இந்தக் குண்டுகள் இந்தக் குழாயிலிருந்து வந்தவை என்று வரைவு எழுதி எடுத்துப் போனேன்.

மேடம் படித்தார். கிழிக்கவில்லை. மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"அந்தக் குழாய் உள்ளே எப்படி இருக்கு?"

"வழவழன்னு இருக்கு மேடம்."

"வழவழன்னு இருக்கிற குழாய் குண்டு மேல என்னத்தை எழுதும்?"

"ஒண்ணும் எழுதாது மேடம்."

"குழாய் எழுதலை. நீ எழுதியிருக்கே. யார் சொல்லி எழுதினே? எஸ்.ஐ. சொல்லி. அப்ப அவரையே கையெழுத்துப் போடச் சொல்லு."

அன்று எனக்குக் காது சிவந்தது. ஆனால் அவரை அன்றைக்கே பிடித்தும் போனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, 'யாரோ திறமையில்லாத அம்மா போல' என்று நீங்கள் சுலபமாக முடிவு கட்டிவிடக் கூடாது. நம் துறையில் அவரைவிடக் கூர்மையான கண் எனக்குத் தெரிந்து யாருக்கும் கிடையாது. அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

இனி, இரண்டாவது கையெழுத்து.

அறிக்கையில் இரண்டு ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. முதல் ஆள் பார்த்து முடிவு சொல்வார். இரண்டாவது ஆள் தானாகப் பார்த்து, ஒப்புக்கொண்டால் போட வேண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் நடந்தது இது: மேடம் மைக்ராஸ்கோப்பில் இரண்டு பக்கமும் பொருளைப் பொருத்தி, கோடும் கோடும் சேரும் கோணம் கிடைத்ததும் அப்படியே நிறுத்திவிடுவார். படம் எடுத்து, சேர்ந்த கோடுகளின் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் டிக் அடித்து, அதைக் கோப்பின் மேலேயே செருகி என் மேஜைக்கு அனுப்புவார். கூடவே டீ வரும். "ஆறதுக்குள்ள பார்த்துப் போட்டுடுப்பா." நான் எழுந்து போய், மேடம் நிறுத்தின கோணத்தில், மேடம் நிறுத்தின இடத்தில் கண்ணை வைப்பேன். கோடுகள் சேர்ந்திருக்கும். சேராமல் என்ன செய்யும்? சேர்த்து வைத்துவிட்டுத்தானே கூப்பிடுகிறார். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடிப்பேன்.

உங்கள் ஆய்வகத்தில் டீக்குப் பதில் காபி வரலாம். மற்றபடி வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

அப்படி நான் போட்ட கையெழுத்துகளில் ஒன்று மாதப்பனுடையது.

காரிமங்கலம் பக்கத்தில் போர்வெல் மோட்டார் கேபிள் திருட்டு தொடர்ச்சியாக நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு விடியற்காலையில், கேபிளை வெட்டும்போது பார்த்துவிட்ட ஒரு விவசாயியைத் தலையில் அடித்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். திருட்டு வழக்கு கொலை வழக்காகிவிட்டது. ஊர் கொதித்துப் போய் மறியலில் உட்கார்ந்தது. நான்கு நாளில் போலீஸ் மாதப்பனைப் பிடித்தது. மாதப்பன் மோட்டார் மெக்கானிக். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் மோட்டார் பழுதானாலும் கழற்றி மாட்டுகிறவர். எந்தக் காட்டில் எந்த போர்வெல் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் பையில் ஒரு கட்டர் இருந்தது. சிவப்புப் பிடி போட்ட, கேபிள் வெட்டுகிற கட்டர். வேறு சாட்சி எதுவும் கிடையாது. கட்டரும் வெட்டுப்பட்ட கேபிள் முனையும், வெட்டில் பதிந்த கருவித்தடத்தைப் பார்க்க எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன.

மேடம் அந்தக் கட்டரால் சோதனைக்குக் கேபிளை வெட்டி, வழக்குக் கேபிளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படம் அவ்வளவு அழகாக இருந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம். ஒரு பக்கத்துக் கோடு மறு பக்கத்தில் ஒடியாமல் ஓடுகிறது. பதினொரு இடத்தில் சிவப்பு டிக். 'இந்தக் கட்டரே வெட்டியது' என்று முடிவு. டீ வந்தது. நான் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன்.

நான் செய்யாதது ஒன்று. கட்டரின் வாயை லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. வெட்டைத்தான் பார்த்தேன், வெட்டினதைப் பார்க்கவில்லை. இது என்ன பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். ஆலையில் ஒரே செதுக்குப் பொறி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டர் வாய்களைச் செதுக்கித் தள்ளுகிறது. அந்தப் பொறியின் பல்லில் இருக்கும் குறை அடுத்தடுத்து வருகிற அத்தனை வாயிலும் அப்படியே விழும். அந்தக் கோடுகள் ஒரு கட்டருக்குச் சொந்தமானவை அல்ல, ஒரு கூட்டத்துக்கே சொந்தமானவை. நாலு மாதம் உழைத்து, கல்லில் பட்டு, வாய் மழுங்கின பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் வரும். மாதப்பனின் கட்டர் புதுசு. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இது நம் படிப்பில் முதல் வருடத்திலேயே வருகிறது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மாதப்பன் சிறையில் எட்டாவது மாதத்தில் இருந்தபோது, நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டுக்காரர் ஆடு பார்க்கக் காரிமங்கலம் சந்தைக்குக் கிளம்பினார். கூடப் போனேன். ஆட்டுச் சந்தையைத் தாண்டி இரும்புச் சாமான் பரப்பி வைத்திருந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. தார்ப்பாயில் ஒரு குவியல். எல்லாம் சிவப்புப் பிடி. எனக்கு மாதப்பனின் கோப்பு கண்முன்னே வந்தது.

நான் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்து விற்கிறவர் சொன்னார்: "எதை எடுத்தாலும் ஒண்ணுதாங்க சார். பொறுக்க வேணாம். எல்லாம் ஒரே மாதிரிதான் வெட்டும்."

"எல்லாம் ஒரே லோடா?"

"ஒரே பெட்டியில வந்ததுங்க. போன தடவை பிரிச்சது பொங்கலுக்கு முன்னாடியே தீந்துபோச்சு. இது அதே லோடுல மிச்சம் கெடந்த பெட்டி. நம்ம பக்கம் எல்லார் வூட்லயும் இதாங்க ஓடுது."

மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா மாப்ள, கட்டரைப் பாத்துப் பேயடிச்ச மாதிரி நிக்கறே? ஆட்டைப் பாக்க வந்தமா, இரும்பைப் பாக்க வந்தமா?" என்றார். நான்கு கட்டர் வாங்கினேன். "ஒண்ணு பத்தாதா? கேபிள் திருடப் போறியா?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பி, மதிய உணவு நேரங்களில் நான்கு கட்டராலும் கேபிள் வெட்டினேன். வழக்குக் கேபிள் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போயிருந்தது. ஆனால் அதன் வெட்டு முனையின் ரப்பர் அச்சு எங்களிடம் இருந்தது. அதோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை நானே பொருத்தினேன், நானே திருப்பினேன். நான்கில் மூன்று, மாதப்பனின் கட்டர் எவ்வளவு அழகாகச் சேர்ந்ததோ அவ்வளவு அழகாகச் சேர்ந்தன. பதினொரு டிக்கும் போடலாம்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தேன். ஓர் ஆள் உள்ளே இருக்கிறான். அவன் உள்ளே இருப்பதற்கு என் கையெழுத்து ஒரு காரணம்.

படங்களை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சந்தையில வாங்கினதை லேப்ல வச்சு வெட்டினியா? யார்கிட்ட பர்மிஷன் வாங்கினே?"

"மேடம், மூணும் சேருது."

"சார்ஜ் ஷீட் போட்டாச்சு. அறிக்கை கோர்ட்ல இருக்கு."

"அதனாலதான் மேடம் சொல்றேன். திருத்தி ஒரு கடிதம்..."

"திருத்தினா என்ன அர்த்தம் தெரியுமா? நாளைக்கு நான் குடுத்த ஒவ்வொரு அறிக்கையையும் வக்கீலுங்க தூக்கிட்டு வருவாங்க. எத்தனை கொலைகாரன் வெளியே போவான்னு யோசிச்சியா? ஒருத்தனுக்காகப் பார்த்து ஊரையே திறந்து விடணுமா?"

"மேடம், நீங்கதானே சொன்னீங்க, குழாய் எழுதாததை நீ எழுதாதேன்னு."

அவர் படங்களைக் கவரில் போட்டு, கவரை டிராயரில் வைத்துப் பூட்டினார். "போய் வேலையைப் பாரு" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுத்தில் ஒரு குறிப்பு கொடுத்தேன். அதுவும் டிராயருக்குள் போனது. அப்போதுதான் நமக்குச் சங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். உங்களுக்கே தெரியும், நம் கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று நெறிமுறை வாசிப்போம். 'என் முடிவில் பிழை இருப்பதாக அறிந்தால், அதை உடனே உரியவர்களுக்குத் தெரிவிப்பேன்.' ஐந்தாவது வரி. சேர்ந்த புதிதில் அதை வாசிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கணினியில் இருந்த படங்களோடு சங்கக் கூட்டத்துக்குக் கட்டுரை அனுப்பினேன். செயலாளர் போன் செய்தார். "நல்ல ஆராய்ச்சிப்பா. ஆனா வழக்கு நடக்குது, பேர் எதுவும் வேணாம். 'காரிமங்கலம் சந்தை'ன்னு போட்டிருக்கியே, அதை எடுத்துடு, ஒரு கெத்து இல்லை. 'திறந்த வணிக மூலம்'னு போட்டுக்கோ." சரி என்றேன். பிற்பகல் பிரியாணிக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கினார்கள்.

தர்மபுரி புறவழிச் சாலையில் ஒரு ஹோட்டல் அரங்கம். சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். நான் கட்டுரையை வாசிக்கவில்லை. திரையில் இடது பக்கம் ஒரே ஒரு படம் போட்டேன். சம்பவ இடத்துக் கேபிளின் வெட்டு முனை. வலது பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட ஐந்து வெட்டுகள். "இதில் ஒன்று சந்தேக நபரிடம் கைப்பற்றிய கட்டர் வெட்டியது. எது என்று சொல்லுங்கள்" என்றேன்.

தூங்கினவர்கள் எழுந்துவிட்டார்கள். நம் ஆட்களுக்கு இது பிடித்த விளையாட்டு. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள்.

"மூணு!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர்.

"ஒண்ணுய்யா. அந்த அடிக்கோட்டைப் பாரு."

"ரெண்டு வேலைக்காவாது. மூணுதான். கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

"கண்ணை மூடிட்டுத்தான்யா நீ ஆறு வருஷமா சொல்லிட்டிருக்கே!"

அரங்கமே சிரித்தது. கடைசியில் பெரும்பாலோர் மூன்றுக்குக் கை தூக்கினார்கள். முன்வரிசையில் மேடம் இருந்தார். அவர் கை தூக்குகிற ஆள் இல்லை. ஆனால் திரையையே பார்த்துக்கொண்டு, "மூணு" என்று மெதுவாகச் சொன்னார்.

"கைப்பற்றியது ஐந்து" என்றேன். "ஒன்று முதல் நான்கு வரை சந்தையில் வாங்கினவை."

சிரிப்பு நின்றது. அந்தக் கூட்டத்தில் நான் சின்னப் பையன்தான் என்றாலும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது. இவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள், இனி விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒரு மூத்த உறுப்பினர் எழுந்தார். "தம்பி, இது நாகரிகமா? உறுப்பினர்களை வரவழைச்சு, சாப்பாடு போட்டு, பொறி வைக்கறதா?"

"சங்கத்தை வெளியில அசிங்கப்படுத்தணும்னு கிளம்பியிருக்காங்க" என்றார் இன்னொருவர்.

"போட்டோவுல பாக்கறது வேற, மைக்ராஸ்கோப்புல பாக்கறது வேற."

நான் நெறிமுறையின் ஐந்தாவது வரியை மறுபடி வாசிக்க அனுமதி கேட்டேன். "அதான் காலையிலயே வாசிச்சாச்சேப்பா" என்றார் செயலாளர். கூட்டக் குறிப்பு பத்து நாளில் வந்தது. என் பெயருக்கு நேரே ஒரு வரி: 'கருவித்தட ஆய்வு குறித்துப் பயனுள்ள கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது.' அவ்வளவுதான். அந்த மூன்றுக்குத் தூக்கின கைகளில் எத்தனை கை அடுத்த திங்கட்கிழமை வேறொரு கோப்பில் கையெழுத்துப் போட்டதோ, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. வாசிக்கத் தெரியாத என் அப்பா செய்த சத்தியத்தை மீறினதில்லை. நாம் எழுந்து நின்று, வாய்விட்டு வாசித்துவிட்டு, உட்கார்ந்துவிடுகிறோம்.

அதற்கு அடுத்த வாரம் நான் நேராக நீதிமன்றத்துக்கும் அரசு வழக்கறிஞருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். படங்களை இணைத்தேன். 'இரண்டாவது ஆய்வாளராக நான் இட்ட கையெழுத்தை என்னால் ஆதரிக்க இயலாது' என்று எழுதினேன். மூன்றாம் நாள், மேலதிகாரி வழியாக அனுப்பவில்லை என்று மெமோ வந்தது. ஐந்தாம் நாள் பதிவறை.

பதிவறைக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேடம் நடைவழியில் எதிரே வந்தார். நின்றார்.

"அன்னைக்கு மூணாவது படம்... நிஜமாவே சந்தை கட்டரா?"

"ஆமாங்க மேடம்."

"நான் மூணுன்னுதான் சொன்னேன்."

"கேட்டதுங்க மேடம்."

தலையை ஆட்டினார். போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து அதே மேடம் நீதிமன்றக் கூண்டில் ஏறி, தன் முடிவில் மாற்றமில்லை என்று சாட்சி சொன்னார். தெரியாமல் சொன்னால் மன்னித்துவிடலாம். அவருக்குத் தெரியும். இதை எழுதும்போதும் அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை போகவில்லை. கோபமும் போகவில்லை. இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னையும் கூப்பிட்டார்கள். வழக்கமாக இரண்டாவது கையெழுத்துக்காரரை யாரும் கூண்டுக்குக் கூப்பிடுவதில்லை. மாதப்பனுக்காக இலவச சட்ட உதவியில் வாதாடிய வக்கீலம்மா என் கடிதத்தைப் பார்த்துவிட்டு மனு போட்டுக் கூப்பிட்டார். அவர் கேட்டது கொஞ்சம்தான்.

"மைக்ராஸ்கோப்பில் நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"முதல் ஆய்வாளரின் முடிவு தெரிவதற்கு முன்பா, பின்பா?"

"பின்பு. டிக் அடித்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பார்த்தேன்."

"உங்கள் பணிக்காலத்தில் எத்தனை முறை முதல் ஆய்வாளரின் முடிவை மறுத்திருக்கிறீர்கள்?"

"ஒரு முறைகூட இல்லை."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "உமக்குச் சொந்த ஊர் எது?" சொன்னேன். "எதிரி மாதப்பன் ஊருக்கும் உம்ம ஊருக்கும் எவ்வளவு தூரம்?" அதையும் சொன்னேன். "அப்ப சொந்தக்காரங்களா?" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சொந்தம் இல்லைங்க. ஒரே சந்தை" என்றேன்.

அங்கேயே சந்தைக் கட்டர்களால் வெட்டின துண்டுகளையும் படங்களையும் காட்டினேன். தீர்ப்பு பிறகு வந்தது. கருவித்தட அறிக்கையை நம்புவதற்கில்லை, வேறு சாட்சியம் இல்லை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. பிடித்ததிலிருந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது.

தீர்ப்பு நாளில் நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். வராந்தாவில் இறந்துபோன விவசாயியின் மகள் நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நேராக வந்தார்.

"நீங்கதானே அந்த லேப் சார்? மொதல்ல இவன்தான்னு எழுதினீங்க. இப்ப இவன் இல்லைன்னு சொல்றீங்க. அப்ப எங்கப்பாவை அடிச்சது யாருங்க சார்?"

"தெரியலைம்மா."

"பதினஞ்சு மாசம் யாருமே தேடலைங்களே. ஆளு கெடைச்சுட்டான்னு உட்காந்துட்டாங்களே."

அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. நாம் ஒருவனைத் தவறாக உள்ளே தள்ளினது மட்டும் இல்லை. ஒருவனைத் தப்பிக்கவும் விட்டோம். மேடம் சொன்னாரே, திருத்தினால் எத்தனை கொலைகாரன் வெளியே போவான் என்று. திருத்தாததால் ஒருவன் பதினைந்து மாதம் வெளியே சுற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

மாதப்பன் கேட் பக்கத்தில் மனைவியோடு நின்றிருந்தார். இளைத்துப் போயிருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. நான் போய் நின்று, நான் யார் என்று சொன்னேன். நான் தப்புப் பண்ணிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். திட்டுவார், அல்லது கும்பிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை. ஒரு ரிப்பேரை விளக்குகிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

"புடிச்ச அன்னைக்கே ஸ்டேஷன்ல சொன்னேங்க சார், இந்தக் கட்டரு சந்தையில குமிச்சு வச்சு விக்கறாங்கன்னு. எழுதிக்கலை. ரிமாண்டு பண்ணறப்ப ஜட்ஜய்யாகிட்டயும் சொன்னேங்க. உங்காபீசு ஆளுங்க யாராச்சும் வந்து என்னைக் கேட்டிருந்தா, நானே நாலு வூட்டுல இருந்து வாங்கிக் குடுத்திருப்பனே. வெட்டிப் பாத்திருக்கலாமே."

"எங்களுக்கு உங்களைக் கேட்கிற வழக்கம் இல்லைங்க."

"அது சரி. நீங்க பெரிய மிஷினுல பாக்கறவங்க." நழுவின சட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "வக்கீலம்மா சொன்னாங்க, நீங்களும் நம்ம பக்கம்தானாமே. அப்ப உங்க வூட்லயும் ஒண்ணு இருந்திருக்குமேங்க?"

அவர் மனைவி, "வுடுங்க, பஸ்ஸு வந்துரும்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவர்கள் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இருந்தது. சந்தையில் அந்தக் குவியலைப் பார்த்தபோதுகூட எனக்கு வழக்குக் கோப்புதான் ஞாபகம் வந்ததே தவிர, எங்கள் வீட்டில் இருந்த இது வரவில்லை. அப்பா ஆட்டுப்பட்டிக்கு வேலி கட்டுவதற்காக வாங்கினது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவர் கம்பியை இழுத்துப் பிடிக்க, நான்தான் அரை நாள் நின்று வெட்டிக் கொடுத்தேன். சிவப்புப் பிடி. உள்ளங்கையில் கொப்புளம்கூட வந்தது. லீவு முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பி, அந்தக் கொப்புளம் ஆறுவதற்கு முன்பே, அதே கையால்தான் மாதப்பன் கோப்பில் கையெழுத்துப் போட்டேன்.